எண்பத்தேழுக்கும் எண்பத்தெட்டுக்கும் நடுவில்

மோஹபாடா சாலை முகாம்,
நந்துர்பார் வழி.
5 நவம்பர் 2023

அன்புள்ள நாகுவுக்கு,

ஆசீர்வாதம் என்றுதான் என் அப்பா அம்மாவுக்கு எழுதுவார். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அன்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் தம்பி கிட்டு போன மாதம் சான்பாடாவிலிருந்து போன் செய்தான். நீ பக்கத்தில்தான் இருக்கிறாய் என்று சொல்லி உன்னிடம் கொடுத்தான். நீ சொன்னது ஒரே விஷயம். "போன்ல 'ம்'முனு மட்டும்தான் சொல்வேள். ஏதாவது இருந்தா எழுதுங்கோ." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஒரு வாரம் யோசித்தேன். நீ சொன்னது சரிதான். தவிர, இங்கே தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அறுபத்திரண்டு வயதில் தொட்டிமேல் நின்று 'ம்' என்று சொல்வதைவிடக் கீழே உட்கார்ந்து எழுதுவது மேல்.

நேற்று நாலாம் தேதி. நகுல் போய் ஐந்து வருஷம். காலையில் அந்த வளைவுக்கு நடந்து போனேன். முகாமிலிருந்து நாலு கிலோமீட்டர். எண்பத்தேழாம் கல்லைத் தாண்டினதும் ரோடு ஒரு மலை மூக்கைச் சுற்றிக்கொண்டு போகிறது. எதிரே வருகிற வண்டி மூக்கருகே வரும்வரை தெரியாது. அன்றைக்கு மரம் ஏற்றி வந்த லாரிக்கு அவன் பைக் தெரியவில்லை, அவனுக்கும் லாரி தெரியவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நீ இடத்தைப் பார்த்ததில்லை.

எழுதுவதன் காரணம் அதுதான். சமவெளியிலிருந்து மாநில எல்லைவரை போகும் இந்த ரோட்டை நாலு வழியாக்குகிறோம். மலைக்கு அந்தப் பக்கம் எழுபது எண்பது கிராமங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் அவை தீவு மாதிரி ஆகிவிடும். இந்தப் பகுதிக்கு வரும்போது மலை மூக்கையே வெட்டி ரோட்டை நேராக்குகிறார்கள். வருகிற கோடைக்குள் வளைவு இருக்காது. பழைய ரோட்டின் மேல் மண் கொட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்க்கிறாயா? நந்துர்பார் வரை ரயில் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நானே ஜீப்போடு வருவேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தாராவியிலிருந்து வந்த இசக்கிப்பாண்டி என்று ஒருவர் பொக்லைன் ஓட்டுகிறார். மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய் வரும்போது சாம்பார் பொடி கொண்டுவருகிறார். திருநெல்வேலிக் காரம். கண்ணில் நீர் வருகிறது.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. குளிக்காமல் இருந்துவிடாதே.

ஜகந்நாதன்


செம்பூர்.
20 நவம்பர் 2023

நமஸ்காரம்.

கடிதம் வந்தது. பிரித்ததும் எத்தனை பக்கம் என்றுதான் முதலில் பார்த்தேன். மூன்று. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் நீங்கள் என்னிடம் தொடர்ந்து மூன்று பக்கம் பேசினதாக எனக்கு ஞாபகமில்லை. கேட்டதும் நான்தானே, அதனால் குறை சொல்லவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. எதற்கு? கிட்டுவின் பெண் ஹரிதா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அவள் ஆபீஸ் குர்லாவில், சான்பாடாவிலிருந்து ஹார்பர் லைனில் தொங்கிக்கொண்டு வருவதற்கு இங்கேயே இருக்கட்டும் என்று கிட்டு விட்டுவிட்டான். நகுலின் அறையைத் திறந்து கொடுத்தேன். ஹெல்மெட்டையும் கிடாரையும் மட்டும் என் அறைக்கு எடுத்து வந்துவிட்டேன். உங்கள் கடிதம் மேஜைமேல்தான் கிடக்கிறது. ஹரிதா தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். உங்கள் கையெழுத்தில் அதுவும் நடக்காது. "யாரு அத்தே இந்தக் காலத்துல லெட்டர் போடறா?" என்றாள். அத்திம்பேர் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல பெண்.

வரச் சொல்லியிருக்கிறீர்கள். எதைப் பார்க்க வரவேண்டும்? ஒரு வளைவையா? என் பிள்ளை இருந்த இடங்களெல்லாம் இங்கே இருக்கின்றன. மாதுங்காவில் அவன் படித்த ஸ்கூல் வாசல், அவன் வடாபாவ் தின்ற வண்டி, ஸ்டேஷன் பாலத்தில் அவன் எப்போதும் இரண்டிரண்டாகத் தாண்டுகிற படி. இல்லாமல் போன இடத்தை நான் ஏன் பார்க்க வேண்டும்? நீங்கள்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரிடயர் ஆன பிறகு வேறு வேலை கிடைத்திருக்காதா? உலகத்தில் வேறு ரோடே இல்லையா? இதை நான் அன்றைக்கே கேட்டேன். நீங்கள் 'ம்' என்றீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தெரிந்தால் எழுதுங்கள். இப்போது வெட்ட முடிகிற மலையை அப்போது ஏன் வெட்டவில்லை? ஐந்து வருஷத்தில் மலை சிறிதாகிவிட்டதா? முதலில் ரோடு போட்டபோது இப்படி ஒரு வளைவை வைத்துவிட்டுப் போன இன்ஜினியர் யார்? அவருக்குப் பிள்ளை குட்டி இருக்கிறதா? இருந்தால் சௌக்கியமாக இருக்கிறார்களா? அவரை நீங்கள் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் கேட்கமாட்டீர்கள். யாரையும் ஒன்றும் கேட்காத மனுஷர்.

எங்கள் கட்டிடத்து லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. முழங்கால் வலியோடு மூன்று மாடி. கண்ணிலும் புரை என்கிறார்கள். பிப்ரவரியில் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

நாகலக்ஷ்மி


மோஹபாடா முகாம்.
10 டிசம்பர் 2023

அன்புள்ள நாகு,

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அந்த இன்ஜினியர் நான்தான்.

பத்து நாள் இந்த ஒரு வரியை எழுதிவிட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன். இன்று எழுதிவிட்டேன், மேலே போகிறேன்.

2014-இல் இந்த ரோட்டை ஒற்றை வழியிலிருந்து இரட்டை வழியாக்கினபோது இந்தப் பகுதி என் பொறுப்பில் இருந்தது. மலை மூக்கை வெட்டத்தான் முதலில் வரைபடம் போட்டோம். அதன் அடியில் ஒரு ஊற்று இருந்தது. மூன்று பாடிகளுக்கும், அதாவது மலைச் சிற்றூர்களுக்கும், கோடையில் அது ஒன்றுதான் தண்ணீர். வெட்டினால் ஊற்று போய்விடும். நான் அளக்கப் போன அன்று பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பி வந்து கோப்பில் எழுதினேன்: "வளைவு உள்ளபடியே இருக்கலாம். எச்சரிக்கைப் பலகை போதுமானது." என் கையெழுத்துதான் கடைசி.

அந்த வாரம் செம்பூருக்கு வந்தபோது சாப்பிடும்போது இதைச் சொன்னேன். உனக்கு நினைவிருக்காது. நகுல் அப்போது காலேஜ். "கரெக்டா பண்ணேப்பா" என்று என் தோளில் தட்டினான். வேலையில் நான் செய்தது எதற்கும் வீட்டில் பாராட்டு வாங்கினது அந்த ஒரு நாள்தான்.

ஆக, நான் ஏன் இந்த ரோட்டுக்கு வந்தேன் என்று உனக்கு இப்போது புரியும். வேறு ரோடு கிடைத்தது. ஹைதராபாத்தில்கூட ஒன்று கிடைத்தது. இந்த வளைவை எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு இதைத்தான் கேட்டு வாங்கினேன்.

இன்னொன்றும் உனக்குச் சொன்னதில்லை. நீ கேட்கவுமில்லை. அப்போது நான் எல்லைப் பக்கத்தில் வேலையில் இருந்தேன், சேதி கேட்டு ஓடி வந்தேன். அன்றைக்கு ஜீப்பில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. ஜில்லா ஆஸ்பத்திரி போக இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. முதல் ஒரு மணி நேரம் பேசினான். வலிக்கிறது என்று சொல்லவேயில்லை. "அப்பா, கிளம்பு. நீ வரலேன்னா அம்மா என்னை ஆத்துக்குள்ள விடமாட்டா." இதையே மூன்று முறையோ நாலு முறையோ சொன்னான். அடிபட்டவர்கள் சம்பந்தமில்லாமல் ஏதாவது பேசுவார்கள் என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு அதில் ஒரு ஆறுதல். கடைசியிலும் வீட்டுக்கு வருவதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். உனக்கும் ஆறுதலாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுது.

ஜகந்நாதன்


மோஹபாடா முகாம்.
15 ஜனவரி 2024

அன்புள்ள நாகு,

இன்று பொங்கல். கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது என்று தெரியும். இசக்கிப்பாண்டி நேரில் உன் கையில் கொடுத்ததாகச் சொன்னார். காபி கொடுத்தாயாம், கூட ரெண்டு தட்டை. "அம்மா வாங்கி வச்சுக்கிட்டாவ சார், ஒண்ணும் சொல்லல" என்றார். ஒரு மாதமாக நீ ஒன்றும் சொல்லவில்லை. என் கோபத்தை நீ முப்பத்திரண்டு வருஷம் தாங்கியிருக்கிறாய். உன் கோபத்தை நான் தாங்கத்தான் வேண்டும். வளைவை வைத்தவன் நான். இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இங்கத்து விஷயம் எழுதுகிறேன். ஊற்றுக்குப் பதிலாக மூன்று பாடிகளுக்கும் குழாய் வந்துவிட்டது. தண்ணீர் வராமல் மலையில் கை வைக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஊற்றுக்குப் பக்கத்து வீடு ஜம்னாபாய் என்ற அம்மாளுடையது. 2014-இல் குடத்தோடு நின்றவர்களில் அவளும் ஒருத்தி. ஊற்று போகப்போகிறதே, வருத்தமில்லையா என்று கேட்டேன். தண்ணீர் குழாயில் வரும் சாஹேப், டாக்டர் குழாயில் வருவாரா என்று திருப்பிக் கேட்டாள். போன வாரம் அவள் மருமகளுக்கு வலி எடுத்து ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். வளைவில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றார்கள். மருமகள் பிழைத்தாள். குழந்தை இல்லை.

வெடி வைக்க அனுமதி மார்ச் முதல் வாரத்துக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குள் வருவாய் என்று இன்னும் எதிர்பார்க்கிறேன்.

ஜகந்நாதன்


செம்பூர்.
9 பிப்ரவரி 2024

நமஸ்காரம்.

வருகிறேன்.

திங்கட்கிழமை கண் ஆபரேஷன். பிறகு ஒரு மாதம் பிரயாணம் கூடாது, குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று பெரிய ஜாபிதா கொடுத்திருக்கிறார்கள். பங்குனி உத்திரம் மார்ச் 25. அவன் நட்சத்திரம். அன்றைக்கு வருகிறேன். அதுவரை மலையைத் தொடவேண்டாம். மூன்று வாரம்தான் கேட்கிறேன். அங்கே பெரிய இன்ஜினியர் நீங்கள்தான். மூன்று வாரம் தள்ளிவைக்க உங்களால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

மற்றதைப் பற்றி நான் இப்போது எழுதவில்லை. எழுத முடியவில்லை. அந்த இடத்தில் நின்று உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறெங்கும் அதைச் சொல்ல என்னால் ஆகாது. அதனால்தான் கேட்கிறேன்.

நாகலக்ஷ்மி


மோஹபாடா முகாம்.
18 பிப்ரவரி 2024

அன்புள்ள நாகு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கிட்டு சொன்னான். தொட்டிமேல் ஏறித்தான் கேட்டேன்.

நீ என்னிடம் கேட்டது எத்தனை குறைவு என்று எனக்குத் தெரியும். கேட்காதவள் கேட்டிருக்கிறாய். என்னால் முடியும் என்று நீ எழுதியிருப்பதும் உண்மை. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆனால் நாகு, அனுமதி மார்ச் 4 முதல் 20 வரைதான். தவறினால் மறுபடி மனுப் போடவேண்டும், அது வருவதற்குள் மழை வந்துவிடும். மழை வந்தால் தீபாவளிவரை ஒரு கல்லையும் நகர்த்த முடியாது. இன்னொரு மழைக்காலம் அந்த வளைவு அப்படியே இருக்கும். ஜம்னாபாயின் மருமகளை இரண்டு மணி நேரம் நிற்கவைத்த வளைவு. ஒரு முறை மனசு இளகி 'இருக்கட்டும்' என்று எழுதினேன். அதற்கு யார் விலை கொடுத்தது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். மறுபடி அந்த வார்த்தையை எழுத என் கை வரவில்லை. உனக்காகக்கூட வரவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதத் தோன்றுகிறது, கேட்க நியாயமில்லை.

சொல்ல நினைத்ததை எழுதிவிடேன். நான் படித்துவிட்டுக் கிழித்துவிடுகிறேன்.

ஜகந்நாதன்


மோஹபாடா முகாம்.
8 மார்ச் 2024

அன்புள்ள நாகு,

நீ பதில் எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரிந்தும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வேலை தொடங்கினது. மூன்று நாள் வெடி. மேலிருந்து கீழாக இறங்கினோம். நேற்று மதியம் பழைய ரோட்டுமட்டம் வந்தது. இசக்கிப்பாண்டியிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்போல. காலையிலேயே என்னிடம் வந்து, "எடத்த மட்டும் கைகாட்டிருங்க சார். அங்கன வரும்போது செருப்பக் கழத்திட்டு ஏறுதேன்" என்றார். காட்டினேன். இறங்கினார், செருப்பை ஓரமாக வைத்தார், மறுபடி பொக்லைனில் ஏறிக்கொண்டார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணிகூட ஆகவில்லை. பிறகு அது எந்த இடம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஒரு வளைவைப் பார்க்க நான் ஏன் வரவேண்டும் என்று நீ முதலில் கேட்டாய். இப்போது அந்தக் கேள்வியே இல்லாமல் போய்விட்டது.

கண்ணில் சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள்.

ஜகந்நாதன்


மோஹபாடா முகாம்.
26 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நாகு,

இது உன்னிடமிருந்து பதில் எதிர்பார்த்து எழுதுகிற கடிதமில்லை. ஒரு தகவல்.

எங்கள் பகுதியில் ரோடு முடிந்துவிட்டது. ஜில்லா ஆஸ்பத்திரி இப்போது ஐம்பத்தைந்து நிமிஷம். பாடிக்காரர்கள் பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். போன மாதம் டவரும் வந்துவிட்டது. தொட்டிமேல் யாரும் ஏறுவதில்லை.

இப்போது கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருக்கிறோம். வளைவை நேராக்கினதில் ரோடு முந்நூற்று எண்பது மீட்டர் குறைந்துவிட்டது. முறைப்படி பார்த்தால் எண்பத்தெட்டாம் கல்லிலிருந்து எல்லைவரை எல்லாக் கல்லையும் முந்நூற்று எண்பது மீட்டர் தள்ளி நடவேண்டும். நான் வேண்டாம் என்றேன். நிலம் எடுத்த பத்திரங்கள், கிராம எல்லைகள் எல்லாம் பழைய கல்லை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன, மாற்றினால் குழப்பம் என்று காரணம் சொன்னேன். அது நிஜமான காரணம்தான். எங்கள் தொழிலில் இப்படிச் செய்வதுண்டு. ஒரே ஒரு கிலோமீட்டரைக் குறைத்து வைத்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும்.

ஆகவே எண்பத்தேழுக்கும் எண்பத்தெட்டுக்கும் நடுவில் ஆயிரம் மீட்டர் இல்லை. அறுநூற்று இருபதுதான். வண்டியில் போகிற யாருக்கும் தெரியாது. கல்லை எண்ணிக்கொண்டு யார் போகிறார்கள்? கோப்பில் மட்டும் இருக்கும். பலகை, பெயர், மாலை, இதெல்லாம் அவனுக்குப் பிடிக்காது. இது இருக்கட்டும் என்று தோன்றியது.

அக்டோபரோடு என் வேலை முடிகிறது. முகாமைக் கலைக்க வேண்டும், அதனால் டிசம்பர் கடைசிவரை இருப்பேன். அதற்குப் பிறகு எங்கே என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஹைதராபாத்தில் மறுபடி கூப்பிடுகிறார்கள்.

ஜகந்நாதன்


செம்பூர்.
7 நவம்பர் 2024

நமஸ்காரம்.

நான் அங்கே வந்திருந்தேன். திங்கட்கிழமை, நாலாம் தேதி.

கிட்டுவிடம்கூடச் சொல்லவில்லை. ஹரிதா லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்தாள். நந்துர்பாரில் இறங்கி எல்லைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். எண்பத்தேழாம் கல்லில் நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் இங்கே ஸ்டாப் இல்லை மாவ்ஷி, இங்கே ஒன்றுமே இல்லையே என்றார். ஹரிதா ஹிந்தியில் ஏதோ சண்டை போட்டு இறக்கினாள்.

புதுக் கண்ணில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நல்ல ரோடு போட்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கம் வரும் வண்டி அந்தக் கோடியிலிருந்தே தெரிகிறது. நான் எண்பத்தேழிலிருந்து எண்பத்தெட்டுவரை நடந்தேன். முழங்கால் வலித்தது. நடுவில் மூன்று தடவை நின்றேன். எந்த இடம் என்று தெரியாததால் எல்லா இடத்திலும் மெதுவாக நடந்தேன். எண்பத்தெட்டாம் கல் வந்ததும் ஹரிதா போனைப் பார்த்தாள். "அத்தே, கல்லைத் தப்பா நட்டிருக்கா. சிக்ஸ் ட்வென்டி மீட்டர்தான் காட்டறது. கம்ப்ளெயின்ட் போடலாமா?" என்றாள். "வேண்டாம், தெரிஞ்சுதான் நட்டிருக்கா" என்றேன். கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு அம்மாள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். உங்கள் ஜம்னாபாயாகத்தான் இருக்கவேண்டும். அவளுடைய மலைப் பேச்சு எனக்குப் புரியவில்லை. எங்கள் தமிழைக் கேட்டோ என்னவோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு 'சாஹேப்?' என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மலையோரம் நீங்கள் கட்டின சுவரைக் காட்டினாள். அதில் ஒரு ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு குடம் வைத்திருக்கிறாள். ஊற்று முழுக்கப் போகவில்லை. இது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று எழுதுகிறேன்.

இனி, அந்த இடத்தில் நின்று சொல்ல நினைத்தது.

நீங்கள் டிசம்பரில் எழுதின கடிதத்துக்கு நான் பதில் போடாதது உங்கள் வளைவுக்காக இல்லை. அதைப் படித்தபோது கோபம் வந்தது, ஒரு நாளில் போய்விட்டது. குடத்தோடு நிற்கிறவளைப் பார்த்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். நீங்கள் என் கோபம் என்று நினைத்துக்கொண்டு எட்டு மாதம் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய பாவம்.

அவன் சம்பந்தமில்லாமல் பேசவில்லை. அந்தத் தீபாவளிக்கும் நீங்கள் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஆத்திரம். அவன் சும்மா சோபாவில் உட்கார்ந்திருந்தான். "நீ போய் அப்பாவைக் கூட்டிண்டு வா. அவர் இல்லாம தனியா வந்து நின்னா ஆத்துக்குள்ள விடமாட்டேன், பாத்துக்கோ" என்றேன். பைக் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்ததும் நான்தான். அவன் சிரித்துக்கொண்டு போனான். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று உங்களிடம் சொல்லலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கோபம், அதை அவன் கையில் கொடுத்து அனுப்பினேன்.

ஆறுதல் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை நான் ஹெல்மெட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு நீங்கள் வராததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஆறு வருஷம் உங்கள்மேல் சாத்தினேன். வாயால் சொல்லவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரியும்படி நடந்துகொண்டேன். நீங்களும் அதை ஏற்றுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தீர்கள். உங்கள் பங்கு ஒரு வளைவு. என் பங்கு என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நீங்கள் 'ம்' என்றுகூடச் சொல்லவேண்டாம்.

எண்பத்தெட்டாம் கல்லில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் முகாமின் நீல ஷீட் கூரை தெரிந்தது. நாலு கிலோமீட்டர். நான் அவ்வளவு தூரம் வந்தது இடத்தைப் பார்க்க மட்டும் இல்லை. நான் அவனிடம் சொன்ன வேலை பாதியில் நிற்கிறதே, நானே முடித்துவிடலாம், உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். அங்கிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கால் என்று ஹரிதாவிடம் சொன்னேன். கால் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல தைரியம் வரவில்லை. திரும்புகிற பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இதைப் படித்தபிறகு ஹைதராபாத் போகத் தோன்றினால் போங்கள். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். வரத் தோன்றினால் வாருங்கள். ஹரிதா ஜனவரியில் வாஷிக்கு மாறிவிடுவாள். அவன் அறை காலியாகத்தான் இருக்கும். கதவைத் தட்டவேண்டியதில்லை. தாழ்ப்பாள் போடாமல் வைத்திருப்பேன்.

புது ரோடு, நேரான ரோடு என்று ஜீப்பில் கிளம்பிவிடாதீர்கள். ரயிலில் வாருங்கள்.

நாகு